விவாத இழை: ‘இடேயலிஸ்ட்’ (1976), யாரும் பேசாத ஒரு ஸ்லோவேனியப் படம்

பழைய ரீல்

யூகோஸ்லாவியப் படம் என்றால் இங்கே இரண்டே பெயர்கள்தான் அடிபடும்: மகவேயெவ், குஸ்துரீட்சா. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். போன மாதம் ‘இடேயலிஸ்ட்’ பார்த்தேன். ஆண்டு 1976. இயக்கம் இகோர் ப்ரெட்னார், தயாரிப்பு அன்று யூகோஸ்லாவியாவுக்குள் இருந்த ஸ்லோவேனியாவின் தலைநகர் லூப்லியானாவைச் சேர்ந்த வீபா ஃபிலிம். பழைய இழைகளில் தேடினேன். இதைப் பற்றி ஒருவரும் ஒரு வரிகூட எழுதவில்லை. சரி, நானே பிள்ளையார் சுழி போடுகிறேன். கதை முழுவதையும் சொல்லப்போகிறேன். முடிவு தெரியாமல் பார்க்க வேண்டும் என்பவர்கள் இங்கேயே திரும்பிவிடுங்கள்.

மூலக்கதை இவான் ட்சங்கரின் ‘மார்ட்டின் கச்சூர்’. 1906-இல் வந்த நாவல். ‘ஓர் இலட்சியவாதியின் வாழ்க்கை வரலாறு’ என்பது அதன் துணைத்தலைப்பு. படத்துக்குப் பெயர் அங்கிருந்து வந்தது. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்குள் ஸ்லோவேனிய மொழி பேசும் கிராமங்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள். மார்ட்டின் கச்சூர் இளம் பள்ளி ஆசிரியன். ஸாபொல்யே என்ற ஊருக்கு வேலைக்கு வருகிறான். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதோடு நிற்க அவனுக்கு மனமில்லை. பெரியவர்களும் படிக்க வேண்டும், கூடிப் பேச வேண்டும், அதற்கு ஒரு சங்கம் வேண்டும் என்கிறான். பாதிரியாருக்குப் பிடிக்கவில்லை. ஊர்த்தலைவருக்கும் பிடிக்கவில்லை. யாருக்காக இதையெல்லாம் செய்தானோ அந்தக் குடியானவர்களே அவனை அடிக்கிறார்கள். மின்கா என்ற பெண்ணின் மீது வைத்த காதலும் கைகூடவில்லை.

அடுத்து மாற்றல் உத்தரவு. போகும் ஊர் ப்ளாட்னி டோல். ‘சேற்றுப் பள்ளத்தாக்கு’ என்று பொருள். பெயரிலேயே எல்லாம் இருக்கிறது. அங்கே டோன்ச்காவை மணக்கிறான், பிள்ளைகள் பிறக்கிறார்கள், குடி பழகுகிறது, வந்த வேலை மறந்துபோகிறது. ஆண்டுகள் கழித்து மூன்றாவது ஊரான லாஸிக்கு மாற்றல் கிடைக்கிறது. அங்கே வெளிச்சம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது, கூட்டம் போட்டு முற்போக்கு பேசுகிறார்கள். எதற்காக இவனை அடித்தார்களோ அதற்கு இப்போது கைதட்டுகிறார்கள். ஆனால் வந்து நிற்பவன் பழைய கச்சூர் இல்லை. அங்குள்ள இளம் ஆசிரியர்களின் கண்ணுக்கு அவன் பிற்போக்கான ஒரு குடிகாரக் கிழவன்.

ராட்கோ பொலிச் கச்சூராக நடித்திருக்கிறார். 1977 மாஸ்கோ திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது இதற்காகத்தான் கிடைத்தது. ப்ரெட்னார் இறந்ததும் அதே 1977-இல்தான்.

பாதிரியாரைத்தான் வில்லன் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தக் கதையில் கருத்து தோற்கவேயில்லை. அது நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்துவிடுகிறது. சுமந்துவந்த ஆளைத்தான் வழியில் தின்றுவிடுகிறார்கள்.

ஆறாம் வரிசை

படம் பார்த்திருக்கிறேன். நல்ல படம்தான், ஆனால் இவ்வளவு தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. ஸ்லோவேனியாவில் ட்சங்கர் பாடப்புத்தக எழுத்தாளர். அங்குள்ள பிள்ளைகள் அவரிடமிருந்து தப்பிக்க முடியாது. பாடநூலைப் படமாக்குகிறவர்களுக்கு ஒரு பயம் உண்டு: எதையும் விட்டுவிடக் கூடாது. மூன்று ஊர், மூன்று கட்டம் என்று நாவலின் சட்டத்தை ஆணி அடித்த மாதிரி வைத்துக்கொண்டால் பார்க்கிறவனுக்குத் தேர்வுக்குத் தயாராகிற உணர்வுதான் வரும்.

ட்சங்கரைப் படமாகப் பார்க்க வேண்டுமென்றால் வொய்கோ டுலேடிச் 1971-இல் எடுத்த ‘நா க்லான்ட்சு’ பாருங்கள். ‘மேட்டின் மேல்’ என்று சொல்லலாம். 1902 நாவல், ட்சங்கர் தன் அம்மாவை நினைத்து எழுதியது. திருவிழாவுக்குப் போகிற வண்டியைப் பிடிக்கச் சிறுமி ஃப்ரான்ட்ஸ்கா ஓடிக்கொண்டே இருப்பாள், வண்டி நிற்காது. அந்த ஓட்டத்தைத் தன் ஆயுள் முழுக்க ஓடுகிறவளின் கதை. டுலேடிச் பேச்சைக் குறைத்துவிட்டு முகங்களை நம்புகிறார். ப்ரெட்னார் நடிகர்களை நம்புகிறார். இரண்டும் ஒன்றல்ல.

பழைய ரீல்

நடிகர்களை நம்பினால் என்ன குற்றம்? கச்சூர் ஒரே நாளில் கெட்டுப்போகிறவன் இல்லை. ஒரு ஊரில் கொஞ்சம், அடுத்த ஊரில் கொஞ்சம் என்று கரைகிறவன். அதை முகத்தை மட்டும் காட்டிச் சொல்ல முடியாது. ஓர் ஆள் நம் எதிரே ஆண்டுக்கணக்கில் தேய்ந்தாக வேண்டும். பொலிச் 1942-இல் பிறந்தவர். படம் எடுத்தபோது முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயதுதான். இளைஞனாகவும் அவரே, முறிந்துபோனவனாகவும் அவரே. மாஸ்கோவில் பாடநூலுக்கு யாரும் விருது கொடுக்கவில்லை.

சந்தேகப்பிராணி

ஒரு அடிப்படைக் கேள்வி. ஆசிரியர் அரசு ஊழியர்தானே? பாதிரியார் எப்படி அவரை மாற்ற முடிகிறது? படம் பார்க்கும்போது இது எனக்குப் பிடிபடவில்லை.

வியன்னா டிராம்

நல்ல கேள்வி. விடை 1869-இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஆஸ்திரியாவில் வந்த தொடக்கப்பள்ளிச் சட்டம் பள்ளிகளைத் தேவாலயத்தின் மேற்பார்வையிலிருந்து எடுத்து அரசின் கையில் கொடுத்தது. எட்டு ஆண்டுக் கட்டாயக் கல்வியையும் கொண்டுவந்தது. அதற்கு முன்பு கிராமத்து ஆசிரியர் என்றால் பல இடங்களில் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறவரும் மணி அடிக்கிறவரும் அவரே. பாதிரியாருக்கு அரைவேலைக்காரர் என்றே சொல்லலாம். சட்டம் மாறியது, ஆனால் ஊர் மாறவில்லை. ஊர்ப் பள்ளிக் குழுவில் பாதிரியாரும் உட்கார்ந்திருந்தார், ஊர்த்தலைவரும் உட்கார்ந்திருந்தார். மேலே ஒரு கடிதம் போனால் போதும்.

அதோடு கச்சூரின் காலத்தில் ஸ்லோவேனியர்கள் இரண்டு முகாமாகப் பிரிந்துகொண்டிருந்தார்கள்: கத்தோலிக்க முகாம், தாராளவாத முகாம். 1888-இல் அன்டன் மஹ்னிச் என்ற குரு ‘ரோமக் கத்தோலிக்கன்’ என்ற இதழைத் தொடங்கி, இலக்கியத்தையும் சேர்த்து எல்லாவற்றையும் விசுவாசத்தின் தராசில் நிறுத்தார். ஒரு கிராமத்தில் வாசகசாலை திறப்பதுகூட எந்தக் கட்சி என்ற கேள்விக்குப் பதில் சொல்வதாக ஆகிவிட்டது.

ட்சங்கருக்கு இதெல்லாம் கேள்விப்பட்ட கதை இல்லை. 1899-இல் வந்த அவருடைய முதல் கவிதைத் தொகுப்பு ‘எரோடிகா’. லூப்லியானா ஆயர் யெக்லிச் கிடைத்த பிரதிகளையெல்லாம் விலைக்கு வாங்கி எரித்தார். நாவல் வெளிவந்த காலத்தில் ட்சங்கர் குடியிருந்தது நான் இருக்கும் இந்த வியன்னாவில், தொழிலாளர்கள் நிறைந்த ஒட்டாக்ரிங் பகுதியில். நான் தினமும் டிராமில் கடக்கிற வட்டாரம். அடுத்த ஆண்டு, 1907-இல், சமூக ஜனநாயகக் கட்சி வேட்பாளராக நாடாளுமன்றத் தேர்தலில் நின்று தோற்றார்.

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். யூரோ வருவதற்கு முன்பு ஸ்லோவேனியாவின் பணம் டோலர். பத்தாயிரம் டோலர் நோட்டில் இருந்த முகம் ட்சங்கருடையது. புத்தகத்தை ஓர் ஆயர் காசு கொடுத்து வாங்கி எரித்தார், பிறகு காசிலேயே அவர் முகம். இதை அவரிடமே சொல்லியிருந்தால் ஒரு சிறுகதை எழுதியிருப்பார்.

மைக்கூடு

இடையில் ஒரு திருத்தம் கேட்கிறேன். அவர் பெயரை நான் இத்தனை நாளும் ‘சங்கர்’ என்றே படித்துக்கொண்டிருந்தேன். நம்மூர்க்காரர் மாதிரி ஒரு பாசம்கூட வந்துவிட்டது.

வியன்னா டிராம்

அந்த மொழியில் ‘சி’ எழுத்து ‘ட்ஸ’ என்று ஒலிக்கும். பாசத்தை வைத்துக்கொள்ளுங்கள், உச்சரிப்பை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

மைக்கூடு

நன்றி. பெயர்கள் என்றதும் இன்னொன்று. இந்த நாவலில் ஊர்ப்பெயர்கள் தற்செயலானவை அல்ல. ஸாபொல்யே என்றால் ‘வயலுக்கு அப்பால்’. ப்ளாட்னி டோல் சேறு. லாஸி என்பது காட்டை வெட்டித் திருத்திய வெளிகளைக் குறிக்கும் சொல். வயல், சேறு, வெளிச்சம் விழும் திருத்து நிலம். எழுத்தாளர் நமக்கு வழிகாட்டிப் பலகை நட்டு வைத்திருக்கிறார். வெளிச்சத்துக்கு வந்து சேரும்போது பார்க்கிற கண் போய்விட்டது என்பதுதான் கொடுமை.

இப்போது சண்டைக்கு வருகிறேன். பழைய ரீல், நீங்கள் டோன்ச்காவை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். ‘மணக்கிறான், பிள்ளைகள் பிறக்கிறார்கள்.’ அவ்வளவுதானா? நாவலிலும் அவளுக்கு நேர்ந்தது இதுதான். ஜான் காக்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன், 2009-இல் வந்தது. கச்சூரைக் கீழே இழுக்கிற எடையாகவே அவள் வருகிறாள். படிப்பில்லை, அவன் பேசுவது புரியவில்லை, கடைசியில் துரோகமும் செய்கிறாள். அவள் பக்கத்திலிருந்து ஒரு நிமிடம் பாருங்கள். சேற்றுப் பள்ளத்தாக்கில் பிறந்தவளுக்கு வாத்தியார் மாப்பிள்ளை. பெரிய வாழ்வு வரும் என்று நம்பியிருப்பாள். வந்தது என்ன? வேறெங்கோ இருக்க வேண்டியவன் தான் என்ற நினைப்பை ஒவ்வொரு வேளைச் சோற்றோடும் சேர்த்து விழுங்குகிற ஒரு மனிதன். எந்தப் பெண் பொறுத்துக்கொள்வாள்?

படத்தில் அவளைக் காப்பாற்றியது மிலேனா ஸுபான்சிச். இலட்சியவாதியோடு குடித்தனம் நடத்துகிறவளின் கதையைத் திரைக்கதை எழுதவில்லை, அவர் நடித்துவிட்டார்.

ஆறாம் வரிசை

இதை ஒப்புக்கொள்கிறேன். ஸுபான்சிச்சை ஸ்லோவேனியர்கள் நினைவில் வைத்திருப்பது மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய படத்துக்காக. மத்யாஷ் க்ளோப்சிச்சின் ‘இலையுதிர்காலப் பூக்கள்’, 1973. இவான் தவ்சார் 1917-இல் எழுதிய கதை. நகரத்து வழக்கறிஞர் மலைக்கிராமத்துக்கு ஓய்வெடுக்க வருகிறார், மேதா என்ற இளம்பெண்ணைக் காதலிக்கிறார், மணக்கக் கேட்கும்போது மகிழ்ச்சி தாங்காமல் அவள் இதயம் நின்றுவிடுகிறது. அங்கே அந்தப் படம் ஏறக்குறைய குடும்பச் சொத்து. அதே நடிகை, 1973-இல் எல்லோரும் காதலித்த கிராமத்துப் பெண். 1976-இல் அதே கிராமத்துப் பெண் சாகாமல் பிழைத்துக் கல்யாணமும் ஆகிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு விடை.

இன்னொரு வேடிக்கை. தவ்சார் தாராளவாதக் கட்சித் தலைவர், லூப்லியானாவின் மேயராகவும் இருந்தவர். ட்சங்கர் பாதிரிகளை மட்டும் திட்டவில்லை, முற்போக்கு பேசிக்கொண்டே வயிறு வளர்த்த தாராளவாதிகளையும் சேர்த்துத்தான் திட்டினார். லாஸி யாருடைய ஊர் என்று நினைக்கிறீர்கள்?

பழைய ரீல்

மைக்கூடு, குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். டோன்ச்காவுக்காக இன்னொரு முறை பார்க்கிறேன்.

ஆறாம் வரிசை, ‘கல்யாணம் ஆகிவிட்டால் என்ன ஆகும்’ என்ற வரியை நான் திருடிக்கொள்ளப்போகிறேன். முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

சந்தேகப்பிராணி

படம் 1976-இல் வந்தது. எழுபது ஆண்டு பழைய நாவலை அப்போது எடுக்க என்ன அவசியம்? பாதிரியார்களைத் திட்டுவது சோஷலிச யூகோஸ்லாவியாவில் பாதுகாப்பான பொழுதுபோக்கு. அரசும் தட்டிக்கொடுக்கும். தைரியம் இதில் எங்கே இருக்கிறது?

வியன்னா டிராம்

பாதிரியாரை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. தேதியைப் பாருங்கள்.

ஸ்லோவேனியாவில் எழுபதுகளை ‘ஈய ஆண்டுகள்’ என்கிறார்கள். அந்த அளவுக்குக் கனம். கம்யூனிஸ்ட் கட்சிக்குள் சீர்திருத்தம் பேசிய ஸ்லோவேனிய அரசின் தலைவர் ஸ்தானே காவ்சிச் 1972-இல் பதவியிழந்தார். 1975-இல் லூப்லியானாவில் சமூக அறிவியல் துறையிலிருந்து நான்கு பேராசிரியர்கள் கற்பிக்கும் வேலையை இழந்தார்கள். ஆசிரியராக இருக்க ‘ஒழுக்க-அரசியல் தகுதி’ வேண்டும் என்று கேட்ட காலம் அது. வகுப்பில் என்ன சொல்லிக்கொடுக்கிறாய் என்பதற்கு முன்னால் நீ யார் பக்கம் என்ற கேள்வி.

அடுத்த ஆண்டே ஒரு படம் வருகிறது. கருத்துக்காக ஓர் ஆசிரியர் ஊர் ஊராக விரட்டப்படுகிறார். திரையில் பாதிரியாரின் அங்கிதான் இருக்கிறது, ஆனால் அரங்கில் உட்கார்ந்திருந்த லூப்லியானாக்காரருக்கு அங்கி மட்டுமா தெரிந்திருக்கும்? ட்சங்கரைத் தடைசெய்யவும் முடியாது. அவர்தான் பாடப்புத்தகத்தில் இருக்கிறாரே. ஆறாம் வரிசை குறையாகச் சொன்ன அந்தப் பாடநூல் விசுவாசம்தான் இங்கே குடையாகப் பிடிக்கப்பட்டது என்று நான் படிக்கிறேன்.

சந்தேகப்பிராணி

இது படத்தில் இருப்பதா, நாம் ஏற்றிச் சொல்வதா?

வியன்னா டிராம்

படத்தில் பாதி, டிக்கெட் வாங்கியவர் மனத்தில் பாதி.

ஆறாம் வரிசை

எழுபதுகளைச் சேர்த்துப் பார்த்தால் படத்தின் கனம் கூடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் ப்ரெட்னாரின் சிறந்த படம் இதுவல்ல என்பதில் உறுதியாக இருக்கிறேன். 1963-இல் அவர் எடுத்த ‘சமொராஸ்ட்னிகி’தான் அது, தானாக முளைத்தவர்கள் என்று பொருள் கொள்ளலாம். ப்ரெஷிஹோவ் வொரான்ட்ஸின் கதை. பண்ணையாரின் மகனைக் காதலித்த மேதா என்ற வேலைக்காரப் பெண், அவனை விட்டுவிடுகிறேன் என்று சொல்லச் சொல்லி அவள் கையில் சணலை வைத்துக் கொளுத்துகிறார்கள். சொல்ல மாட்டாள். மாய்தா பொடோகர் அந்த வேடத்தில். அவளும் அடிபடுகிறாள், ஆனால் ஒன்பது பிள்ளைகளைப் பெற்று நிமிர்ந்து நிற்கிறாள். அதே இயக்குநர், பதின்மூன்று ஆண்டு கழித்து, நிமிராத ஒருவனை எடுக்கிறார். இடையில் ப்ரெட்னாருக்குள் என்ன ஆயிற்று என்பதுதான் என் கேள்வி.

மைக்கூடு

இங்கேயும் மேதா, அங்கேயும் மேதா. ஸ்லோவேனிய எழுத்தாளர்களுக்கு வேறு பெயரே கிடைக்கவில்லையா?

ஆறாம் வரிசை

நம் எழுத்தாளர்களுக்கு லட்சுமி இருக்கிற மாதிரி.

பழைய ரீல்

ஏன் இந்தப் படம் வெளியே தெரியவில்லை என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். பேசுகிறவர்கள் இருபது லட்சத்துச் சொச்சம் பேர் உள்ள மொழி. யூகோஸ்லாவியா என்றால் வெளியுலகம் தலைநகர் பெல்கிரேடைப் பார்த்தது. அங்கிருந்து வந்த ‘கறுப்பு அலை’ப் படங்களில் கத்தல் இருந்தது, நிர்வாணம் இருந்தது, விழாக்களுக்கு அதில் ஒரு ருசி. லூப்லியானாவிலிருந்து வந்தது கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு சேற்றில் நடக்கிற ஒரு வாத்தியார். யார் வாங்குவார்கள்?

ஓய்வாசிரியர்

பெரும்பாலும் படித்துவிட்டுப் போகிறவன் நான். இந்த இழையைப் பார்த்துவிட்டு, நண்பர் ஒருவர் உதவியால் படத்தைப் பார்த்தேன். முப்பத்து நான்கு ஆண்டு ஆசிரியர் வேலை. தண்ணீர் இல்லாத காட்டுக்கு மாற்றல் என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ப்ளாட்னி டோல் மாதிரி ஓர் ஊரில் நானும் நான்கு ஆண்டு இருந்தேன். மழைக்காலத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போக வேண்டும். கச்சூரைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. என் கதையை எவனோ ஒரு வெள்ளைக்காரன் நூறு ஆண்டுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறான் என்று தோன்றியது.

பழைய ரீல்

ஐயா, முதல் முறை எழுதியிருக்கிறீர்கள், வாருங்கள். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஃபெர்யானை எப்படிப் பார்த்தீர்கள்? இதுவரை நாங்கள் யாரும் அவரைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மற்றவர்களுக்காக: ஸாபொல்யேயில் கச்சூரோடு வேலை பார்க்கும் ஆசிரியர் ஃபெர்யான். படத்தில் தாரே உலாகா. நல்ல மனிதர், கலகலப்பானவர், குடிப்பார், எதிலும் தலையிட மாட்டார். வம்பு வேண்டாம் என்று கச்சூருக்குப் புத்தி சொல்வார். ஆண்டுகள் கழித்து கச்சூர் லாஸிக்குப் போகும்போது அங்கே தலைமையாசிரியர் யார்? அதே ஃபெர்யான். முற்போக்காளர் வரிசையில் இப்போது அவருக்கும் ஒரு நாற்காலி. கச்சூர் சுமந்துவந்ததை விதைக்கவும் இல்லை, அடி வாங்கவும் இல்லை. அறுவடைக்குச் சரியாக வந்து சேர்ந்தார். ஆனாலும் அவரை வெறுக்க முடியவில்லை. கச்சூருக்கு இடம் கொடுக்கிற ஒரே மனிதரும் அவர்தான்.

மைக்கூடு

நாவலிலும் அவர்மீது கோபம் வராது. ட்சங்கரின் கெட்டிக்காரத்தனம் அது. ஃபெர்யானை அயோக்கியனாக எழுதியிருந்தால் நாமெல்லாம் தப்பித்திருப்போம்.

ஓய்வாசிரியர்

இந்தக் கேள்விக்குப் பதில் எழுத எனக்கு ஆறு நாள் ஆகியிருக்கிறது. நடுவில் நாவலையும் வாங்கிப் படித்தேன்.

எண்பதுகளின் கடைசியில் நான் வேலை பார்த்த பள்ளியில், நூலகம் என்றால் தலைமையாசிரியர் அறையில் இருந்த பச்சை இரும்பு அலமாரி. சாவி அவரிடம். ஆய்வாளர் வரும் நாளில் திறப்பார்கள், தூசு தட்டுவார்கள், இருப்புப் பதிவேட்டோடு எண்ணிக்கையைச் சரிபார்த்துவிட்டுப் பூட்டிவிடுவார்கள். புதிதாக வந்த ஓர் இளைஞர், தமிழாசிரியர், சாவியை எப்படியோ வாங்கி வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகள் கையில் புத்தகத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்ப ஆரம்பித்தார். ஒரு பருவம் முடிவதற்குள் ஐந்து புத்தகம் குறைந்தது. ஒரு புத்தகத்தில் குழம்புக் கறை. அரசு உடைமைக்கு இழப்பு என்று ஒரு புகார் தயாரானது. ஆசிரியர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். என் கையெழுத்து மூன்றாவது. கையெழுத்துப் போட்டுவிட்டு அவரிடமே போய், ‘தம்பி, உனக்கு எதற்கு இந்த வம்பு, பாடத்தை நடத்திவிட்டுப் போ’ என்றும் சொன்னேன். அக்கறையோடுதான் சொன்னேன். ஜூன் மாதம் அவருக்கு மாற்றல் வந்தது.

பல ஆண்டு கழித்து, நான் வேறொரு பள்ளியில் தலைமையாசிரியர். பிள்ளைகளிடம் வாசிப்புப் பழக்கத்தை வளர்க்க வேண்டும், புத்தகங்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. விழா வைத்தோம். அலமாரிக்கு ரிப்பன் கட்டி நானே வெட்டினேன். பொன்னாடை போர்த்தினார்கள். அரை மணி நேரம் பேசினேன், நன்றாகவே பேசினேன் என்று சொன்னார்கள்.

முதல் பதிவில் கச்சூரில் என்னைப் பார்த்ததாக எழுதியிருந்தேன். அதை நீக்க வழி தெரியவில்லை, நிர்வாகிகள் யாராவது நீக்கிவிடுங்கள். சேற்று ஊரில் நான்கு ஆண்டு இருந்தது உண்மைதான். ஆனால் அது நான் கேட்டு வாங்கிய மாற்றல். மனைவியின் ஊருக்குப் பக்கம்.